மச்சானை நீ ஒருதலைப்பட்சம் என்று சொன்ன பிறகு

பேகம்பூர், திண்டுக்கல்
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு

என் அன்புத் தம்பி நியாஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன்னையும் உன் மனைவி சைதூனையும் கல்யாணப் பெண்ணாகிவிட்ட உன் மகள் பாஸிலாவையும் அல்லாஹ் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்க வேண்டும் என்று துஆச் செய்துவிட்டு உன் அக்கா கமர்ஜஹான் எழுதுகிறேன். இங்கே நானும் என் மகள் ஷாஹினாவும் சுகம். உன் மச்சானுக்கு உடம்பு சுகம். மற்றபடி அவர் சுகமாக இல்லை, அதற்குக் காரணம் நீ. இந்தக் காலத்தில் எவள் உட்கார்ந்து கடிதம் எழுதுவாள் என்று நீ சிரிப்பாய். போன் செய்தால் "அக்கா, ஸ்டுடியோவுல இருக்கேன், பெறகு கூப்புடுறேன்" என்கிறாய்; அந்தப் பெறகு இன்னும் வரவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுப் போய்விடுகிறாய். கடிதத்துக்குக் கட்டைவிரல் அனுப்ப முடியாது அல்லவா, அதனால்தான் கூரியரில் அனுப்புகிறேன். டி.வி.யில் நாலு பேரை உட்காரவைத்து வாயடைக்கிறவன் நீ, அக்கா பேசும்போது குறுக்கே பேசாமல் கடைசிவரை படி.

விஷயத்துக்கு வருகிறேன். நம் குடும்பக் குரூப்பில் உன் மச்சான் தினமும் விடிகாலை சுபுஹு தொழுகை முடிந்த கையோடு வார்டு தேர்தலுக்கு நிற்கும் மோகன்குமாரைப் பற்றி ஒன்றிரண்டு செய்தி போடுவார். சரி, ஏழெட்டு போடுவார். தோல் மண்டிக்குப் பின்னால் நாறிக்கொண்டு கிடந்த சாக்கடையை அந்தப் பையன் நின்று தூர்வாரிக் கொடுத்தான், அந்த நன்றி இவருக்கு. எங்கள் யாருக்கும் அது தொந்தரவாக இல்லை, ஏனென்றால் நாங்கள் யாரும் அதைப் படிப்பதில்லை. நீ ஒருவன்தான் படித்தாய். படித்ததோடு விட்டாயா? "மச்சான், அரசியலில் நீங்கள் அப்பட்டமான ஒருதலைப்பட்சம். கொஞ்சம் நடுநிலையாகச் சிந்திக்கப் பழகுங்கள்" என்று டி.வி.யில் பேசுகிற அதே தமிழில் போட்டாய். அதையும் எப்போது போட்டாய்? நம் மாப்பிள்ளை வாஜித்தின் அத்தா, வத்தலக்குண்டு அல் அமீன் பாயைக் குரூப்பில் சேர்த்த மறுநாள் போட்டாய். சம்பந்தி அதற்கு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சியை ஒன்றுக்கு மூன்றாகப் போட்டார். உன் மச்சான் அந்த மூன்று மூஞ்சிகளையும் கண்ணாடியைப் போட்டு ஒருமுறை, கழற்றிவிட்டு ஒருமுறை பார்த்தார். தட்டில் இருந்த இடியாப்பத்தை அப்படியே தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார்.

உனக்கு அது டி.வி.யில் தினமும் வந்துபோகிற வார்த்தை. இவருக்கு அப்படி இல்லையப்பா. மண்டியில் உப்புத்தோல் லோடு வந்து இறங்கினால் விற்றவன் முதல் தரம் என்பான், வாங்கியவன் பாதி கழிவு என்பான். இரண்டு பேரும் கத்திக் களைத்தபிறகு, "நைனா முகமது பாயைக் கூப்புடுங்கப்பா" என்று ஆள் அனுப்புவார்கள். இவர் போய்த் தோலைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்வார், அதோடு சண்டை தீரும். அந்த ஒரு பெருமையில்தான் மனுஷர் நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தார். சம்பந்தி பார்க்கும்படி நீ அதிலேயே கை வைத்துவிட்டாய்.

அன்றைக்குச் சாயங்காலம் ஷாஹினாவைக் கூப்பிட்டு, ஒருதலைப்பட்சத்துக்கு என்ன அர்த்தம் என்று அகராதியில் பார்க்கச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாஸிலா ஒன்பதாம் வகுப்பில் பேச்சுப்போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியபோது, மேடைக்கே ஏறிப்போய் நடுவரிடம், "இது ஒருதலைப்பட்சமான தீர்ப்புங்க" என்றவர் இவர். நடுவர், "நீங்க யாருங்க?" என்றார். "பொண்ணோட மாமா" என்று மார்பை நிமிர்த்திச் சொன்னார். பள்ளிக்கூடமே சிரித்தது, எதற்குச் சிரித்தார்கள் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. அடுத்தவரைச் சொல்லும்போது நன்றாகத் தெரிந்த அர்த்தம், தன்னைச் சொன்னதும் மறந்துபோய் அகராதி தேவைப்பட்டது. ஷாஹினா போனில் தேடி, "ரெண்டு தரப்புல ஒண்ணை மட்டும் ஆதரிக்கிறது அத்தா" என்றாள்.

"ரெண்டையும் ஆதரிச்சா?"

"அது நடுநிலை."

"ரெண்டையும் ஆதரிக்கலேன்னா?"

"அதுவும் நடுநிலைதான் அத்தா."

"ரெண்டும் ஒண்ணுங்கிறியா? எவன்டா எழுதுனது இந்த அகராதியை?" என்று கோபப்பட்டு, பொன்னழகு டீக்கடைக்குப் போய்விட்டார். பொன்னழகுவை உனக்குத் தெரியும், எதைக் கேட்டாலும் டீயை ஆற்றிக்கொண்டே பதில் சொல்வான். "அது ஒண்ணுமில்ல பாய். நமக்குப் புடிச்ச ஆளை நாம தூக்கிப் பேசுனா அது நியாயம். நமக்குப் புடிக்காத ஆளை அடுத்தவன் தூக்கிப் பேசுனா அது ஒருதலைப்பட்சம். அம்புட்டுத்தான்" என்றானாம். அகராதியைவிட இதுதான் சரியென்று எனக்குப் பட்டது. இவருக்குப் படவில்லை. "நாளையிலேருந்து எனக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணு" என்று அறிவித்துவிட்டுப் படுத்தார். அன்று பிடித்த சனி தம்பி, இன்னும் விடவில்லை.

மறுநாள் விடிந்ததும் வாசல் கதவில் மோகன்குமார் படம் ஒரு பக்கம் இருந்ததா, மறு பக்கத்தில் அவனை எதிர்த்து நிற்கும் புவனேஸ்வரியின் படத்தையும் ஒட்டிவிட்டார். அதே அளவு படம் கிடைக்காததால் மோகன்குமார் தலையில் கொஞ்சத்தை வெட்டிச் சரிசெய்தார். காலையில் அவனோடு தெருத் தெருவாக நடந்து "ஒனக்குத்தாம்ப்பா வெற்றி" என்றார், சாயங்காலம் அந்தப் பெண்ணோடு அதே தெருக்களில் நடந்து "ஒனக்குத்தாம்மா வெற்றி" என்றார். முதல் நாள் இரண்டு பிரசார ஜீப்பிலும் "நம்ம நைனா பாய் நம்ம பக்கம்" என்று மைக்கில் அலறினார்கள். இரண்டாம் நாள் இரண்டு ஜீப்பும் எதிரெதிரே வந்துவிட்டது. அன்றிலிருந்து இரண்டு தரப்பும் இவரை எதிராளி அனுப்பிய உளவாளி என்று நினைக்கிறது. நம் வீட்டு முக்குத் தெருவிளக்கு எரியவில்லை என்று நான் போய்ச் சொன்னால் மோகன்குமார் ஆட்கள், "அந்த அக்காகிட்டச் சொல்லுங்கம்மா" என்கிறார்கள், புவனேஸ்வரி, "அந்தத் தம்பிகிட்டச் சொல்லுங்கம்மா" என்கிறாள். நடுநிலையால் நான் கண்ட பலன், டார்ச் இல்லாமல் குப்பை கொட்டக்கூடப் போக முடியவில்லை.

மண்டியிலாவது பழையபடி இருந்தாரா என்றால் அங்கேயும் கூத்துத்தான். கன்னிவாடிப் பக்கத்து வியாபாரி ஒருவருக்கும் நம் ஊர்க்காரர் ஒருவருக்கும் ஒரு லோடு ஆட்டுத்தோலில் தகராறு வந்து, வழக்கம்போல இவரைக் கூப்பிட்டார்கள். இவர் தோலைத் தொடவே இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அவரு பார்வையில அவரு சரி, இவரு பார்வையில இவரு சரி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அதுவரை வாயால் சண்டை போட்டவர்கள் அதற்குப் பிறகு சட்டையைப் பிடித்துக்கொண்டார்களாம். கன்னிவாடிக்காரர் வீடுவரை வந்து, "பாய், நீங்க ஏதாச்சும் ஒரு பக்கம் சாஞ்சு சொல்லுவீங்கன்னுதானய்யா கூப்புட்டோம். எம் மேல தப்புன்னு சொல்லியிருந்தாக்கூட வாயை மூடிட்டுப் போயிருப்பேன். இப்ப நான் யாரைப் போய்க் கேக்குறது?" என்று புலம்பினார். அவர் சொன்னதில் என்ன தப்பு, நீயே சொல். இவர் அவருக்கும் டீ கொடுத்து, மறுநாள் எதிராளியையும் கூப்பிட்டு டீ கொடுத்தார், கணக்குச் சமமாக வேண்டுமாம்.

வீட்டுக்குள் நான் படுகிற பாட்டைக் கேள். உன் நிகழ்ச்சியை ஒரு விளம்பரம் வரும்வரை பார்ப்பார், பிறகு உன் போட்டிச் சேனலை ஒரு விளம்பரம் வரும்வரை பார்ப்பார். இரண்டு இடத்திலும் பாதிப் பாதி கேட்டதில், வெங்காய விலை ஏறியதற்கும் நிலாவுக்கு ராக்கெட் விட்டதற்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறார். சோற்றுக்கு ஊற்றும் ஆணத்தில் உப்புச் சரியாக இருக்கிறதா என்று கேட்டால், "கூடங்கிறவங்களும் இருப்பாங்க, கம்மிங்கிறவங்களும் இருப்பாங்க" என்கிறார். யார் அவர்கள்? இந்த வீட்டில் சாப்பிடுவதே மூன்று பேர்! போன வாரம் அவர் தங்கை வந்திருந்தபோது, என் சேலையைப் பார்த்து, "மதினிக்கு இந்த வயசுல இந்தக் கலரு தேவையா?" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் எப்போது வாய் திறந்தாலும் இவர்தான் முதலில், "நீ சும்மா கெட" என்று அடக்குவார், எனக்கு ஒரு வேலையும் வைக்கமாட்டார். அன்றைக்கு நான் இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரெண்டு தரப்பு வாதத்துலயும் உண்மை இருக்கு" என்கிறார். நான் எந்த வாதத்தையுமே சொல்லவில்லையே நியாஸ்! அடுப்படிக்குப் போய் அழுதேன். ஊரில் இருக்கிற மற்ற எல்லாருக்கும் அவர் நடுநிலையாக இருக்கட்டும். எனக்கு நடுநிலையான புருஷன் வேண்டாம்.

இதுவரை எழுதியதெல்லாம் என் சங்கடம், நான் சமாளித்துக்கொள்வேன். இனி எழுதுவது உன் சங்கடம். பாஸிலாவின் நிக்காஹுக்குப் பெண் சார்பில் பேசும் வக்கீலாக சைதூனின் அண்ணன், சாட்சி இருவரில் ஒருவராக உன் மச்சான் என்று நீதானே முடிவு செய்தாய். பெண்ணிடம் போய்ச் சம்மதம் கேட்டு, அதைக் காதால் கேட்டுவந்து சபையில் சொல்ல வேண்டிய ஆள் இவர். புதன்கிழமை வேட்டி சட்டை எடுக்கப் போகலாம் என்று கூப்பிட்டேன். "நான் சாட்சிக்கு வரலே" என்றார். "ஒருதலைப்பட்சமான ஆளோட சாட்சி எப்படிச் செல்லும்? பொண்ணைப் பெத்தவனே என்னைய அப்படிச் சொல்லிட்டான், அதைப் பாத்துச் சம்பந்தியும் சிரிச்சிட்டாரு. நாளைக்கு ஒரு பேச்சு வந்துறக் கூடாது. நீங்க வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுல போயி, நம்மாள்ல ரெண்டு வீட்டையும் தெரியாத ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க. அவருதான் சரியான சாட்சி" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் விளையாட்டு இல்லை. மண்டபத்தில் பெண் வீட்டுப் பக்கமும் உட்காரமாட்டாராம், மாப்பிள்ளை வீட்டுப் பக்கமும் உட்காரமாட்டாராம், நடுவில் ஆள் நடக்கிற வழியில் நாற்காலி போடச் சொல்கிறார். சீரகச்சம்பா பிரியாணிப் பந்தி பரிமாறுகிறவர்கள் எல்லாரும் இவரைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

நான் பள்ளிவாசல் ஹஜ்ரத்தை வீட்டுக்கே வரவழைத்தேன். அவர் பொறுமையாக, "பாய், பொண்ணு சம்மதம் சொன்னதைக் காதால கேட்டீங்களான்னு மட்டுந்தான் சாட்சிகிட்டக் கேப்பாங்க. பொண்ணு நல்ல பொண்ணான்னு யாரும் உங்ககிட்டக் கேக்கப் போறதில்ல" என்றார்.

"கேட்டா நல்ல பொண்ணுன்னுதானே ஹஜ்ரத் சொல்லுவேன்? அதான் சிக்கல்" என்றார் உன் மச்சான்.

ஹஜ்ரத் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

வேறு வழியில்லாமல் பாஸிலாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். நீ சென்னையில் சேனல் சேனலாக மாறிக்கொண்டு, ஒரு அறையில் நாலு பேரோடு தங்கியிருந்த காலத்தில் அவளும் சைதூனும் எங்களோடுதானே இருந்தார்கள். இவர் மொபெட்டில் முன்னால் நின்றுகொண்டே பள்ளிக்கூடம் போய்வந்த பிள்ளை, உட்காரும் உயரம் வந்தபிறகும் பின்னால் உட்காரமாட்டேன் என்று அடம்பிடித்த பிள்ளை. அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "மாமி, மாமா வந்து கேட்டாத்தான் வாயைத் தொறப்பேன். வேற யாரு வந்து கேட்டாலும் சம்மதம்னும் சொல்ல மாட்டேன், சம்மதம் இல்லைன்னும் சொல்ல மாட்டேன். நானும் நடுநிலை" என்றுவிட்டு வைத்துவிட்டாள். அப்படியே மாமன் வளர்ப்பு. சொன்னதைச் செய்கிற பெண் என்பது உனக்கும் தெரியும். மண்டபம் நிறைய ஆள் உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளை மாலையோடு காத்திருக்க, உன் மகள் உள்ளே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நீயே நினைத்துப் பார்.

ஆகவே தம்பி, நான் கேட்பது ஒன்றே ஒன்று. இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் குரூப்பில், சம்பந்தி பார்க்கும்படியாக, "மச்சான், நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், நீங்கள் ஒருதலைப்பட்சம் இல்லை" என்று போட்டுவிடு. டி.வி.யில் பேசுகிற தமிழிலேயே போடு, அப்போதுதான் அவருக்கு மரியாதையாக இருக்கும். அது பொய்யாயிற்றே என்று யோசிக்காதே. அது பொய் என்று எனக்குத் தெரியாதா? என் மனுஷன் சாய்கிற ஆள்தான். மொபெட்டை ஓட்டினால்கூட ஒரு பக்கம் சாய்ந்துதான் ஓட்டுவார். ஆனால் நம் வீட்டுக்கு ஒரு கஷ்டம் வந்த நேரத்தில் எல்லாம் அவர் நம் பக்கம் சாய்ந்துதான் நின்றார். அப்போதெல்லாம் உனக்கு அந்த வார்த்தை ஞாபகத்துக்கு வரவில்லை, இப்போது மட்டும் வந்துவிட்டது. அக்கா கோபத்தில் எழுதுகிறாள் என்று நினைக்காதே. கோபம்தான், ஆனால் உன் மேல் எனக்கு எத்தனை நாள் கோபம் நின்றிருக்கிறது?

சைதூனுக்கு என் சலாமைச் சொல். கல்யாண அலைச்சலில் நேரத்துக்குச் சாப்பிடாமல் இருக்கப் போகிறாள், நீ பார்த்துக்கொள். பாஸிலாவின் நெற்றியில் மாமி முத்தம் கொடுக்கச் சொன்னாள் என்று கொடு. அந்தப் பிள்ளையின் வாழ்க்கையில் அல்லாஹ் எல்லா பரக்கத்தையும் கொட்டட்டும், உன் குரல் கெடாமல் இருக்கட்டும், உன் சேனலில் சம்பளம் நேரத்துக்கு வரட்டும், ஆமீன்.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும் அக்கா,
கமர்ஜஹான்

பின்குறிப்பு: நியாஸ், கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போனேன், வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சம்பந்தி அல் அமீன் பாய், மலைவாழைப்பழக் கூடையோடு பந்தி விஷயம் பேச வந்திருந்தார். உட்காரவைத்து ஷர்பத் கொடுத்தேன். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது அவர் சும்மா பேச்சுவாக்கில், "நம்ம நியாஸு நேத்து விவாதத்துல ரொம்ப ஒருதலைப்பட்சமாப் பேசிட்டாப்ல பாய். செத்த நடுநிலையா இருக்கச் சொல்லுங்க" என்றார். உன் மச்சான் நாற்காலியை விட்டு எழுந்த வேகத்தில் அது பின்னால் விழுந்துவிட்டது.

"யாரு ஒருதலைப்பட்சம்? எம் மச்சினனா? அவன் பேசுனதுல ஒரு எழுத்துத் தப்புன்னு காட்டுங்க பாப்போம்! அவன் சொன்னா அது சரியாத்தான் இருக்கும்!"

"நேத்து நிகழ்ச்சியைப் பாத்தீங்களா பாய்?"

"பாக்கலே. அதைப் பாக்கணும்னு வேற இருக்கா?"

"இல்ல, நீங்க இப்ப ரெண்டு பக்கமும் ஒண்ணுன்னு இருக்கிறதாச் சொன்னாங்களே..."

"அது கவுன்சிலர் எலெக்‌ஷனுக்கு. நான் பொண்ணு வீட்டு ஆளு. பொண்ணுகிட்டச் சம்மதம் கேக்கப்போற சாட்சியே நான்தான், தெரியுமில்ல?"

சம்பந்தி பாதி ஷர்பத்தோடு எழுந்துவிட்டார். "எங்க பக்கமும் இப்படிப் பேச ஆளு இருக்குங்க பாய், கூட்டிட்டு வாரேன்" என்று சொல்லிப் போனார். சிரித்துக்கொண்டு போனாரா முறைத்துக்கொண்டு போனாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை, எதற்கும் நீ போன் போட்டு ஒரு வார்த்தை பேசிவிடு. இவர் இப்போது சட்டை எடுக்கக் கடைக்குக் கிளம்பி, என்னையும் கிளம்பச் சொல்லி வாசலில் மொபெட் ஹாரனை அடித்துக்கொண்டிருக்கிறார். மேலே நான் எழுதியதை எல்லாம் விட்டுவிடு. மன்னிப்பு வேண்டாமாம், வாபஸும் வேண்டாமாம். அவரை ஒருதலைப்பட்சம் என்று நீ சொன்ன அதே வார்த்தையைக் குரூப்பில் இன்னொரு தடவை போடச் சொல்கிறார், இந்தத் தடவை பெரிய எழுத்தில், சம்பந்தி நன்றாகப் படிக்கும்படி.